ஈயம் பூசிய அரிவாள்

அறிவியல் பாடத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கிய ஒருத்தியை மருமகளாகக் கூட்டி வருகிறவர்கள், முதல் ஆறு மாதத்துக்கு உடையக்கூடிய பொருள்களை எல்லாம் பூட்டி வைத்துவிட வேண்டும். (உடையாத பொருள்களையும் பூட்டிவிடுவது நல்லது. நான் நாசமாக்கியது இரும்பை.)

எனக்குக் கல்யாணம் ஆனபோது சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறந்தது புதுக்கோட்டை டவுன். வாக்கப்பட்டது கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மாமனாருக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நிலமும் இருந்தன. அவர் கையில் எந்நேரமும் ஒரு வெட்டரிவாள் இருக்கும். உடைமுள் வெட்ட, மட்டை கழிக்க, வேலிக்குக் கம்பு சீவ, இளநீர் சீவ எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

உப்புக் காற்று அதைத் தின்றுகொண்டிருந்தது. ராத்திரி சுத்தமாகத் துடைத்து வைத்தாலும் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். மாமா தினமும் செங்கல் தூளைப் போட்டு அரைமணி நேரம் தேய்ப்பார். நான் வந்த மறுநாள் எனக்கு இளநீர் சீவிக் கொடுத்தார். குடித்தால் ஆணியை நக்கியது போல இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் குடும்பத்தைத் துருவிலிருந்து மீட்கத்தான் நான் பிறந்திருக்கிறேன்.

"மாமா, இரும்பும் காத்தும் ஈரமும் சேர்ந்தாத்தான் துரு. காத்துப் படாம மூடிட்டோம்னா துருவே வராது" என்றேன்.

"அப்படியா ஆத்தா?" என்றார் மாமா. அவர் எதற்கும் அவ்வளவுதான் பேசுவார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எதைப் பூசி மூடுவது? சைக்கிள் ஹாண்டில்பாருக்குப் போடுகிற முலாம்தான் முதலில் தோன்றியது. அதற்குத் திருச்சிக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டடி அருவாளத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ஸுல ஏறுனா, திருச்சி ஜெயிலுக்குத்தான் போவேன்" என்றார்.

சரி, உள்ளூரிலேயே பார்ப்போம் என்று கொல்லையில் ஐந்து தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்தேன். கடல் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி. ஒன்று வெறும் ஆணி. ஒன்றுக்கு விளக்கெண்ணெய். ஒன்றுக்குத் தோணிக்குப் பூசுகிற தார். ஒன்றுக்கு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட். ஐந்தாவது ஆணியை, சந்தைமேட்டுப் புளியமரத்தடியில் துருத்தி போட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்த பாயிடம் கொடுத்து ஈயம் பூசி வாங்கினேன். (ஓர் ஆணிக்கு ஈயம் பூசச் சொல்லி வந்த முதல் ஆள் நான்தானாம். காசு வாங்க மறுத்துவிட்டார்.)

தினமும் காலையில் நனைத்து, மத்தியானம் வெயிலில் காயவைத்து, நோட்டில் எழுதினேன். என் மாமியார் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சிரட்டைகளைச் சுற்றிக்கொண்டு போவார்.

"ஏத்தா வசந்தா, இது செய்வினை கிய்வினை இல்லையே?"

"இல்லத்தே. சயின்ஸ்."

பத்து நாளில் தெரிந்துவிட்டது. வெறும் ஆணி செத்தது. விளக்கெண்ணெய் ஆணி ஒரு மழைக்குப் பிறகு மங்கியது. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது. தார் துருவை உள்ளே விடவில்லை, ஆனால் தொட்ட கையையும் விடவில்லை. ஈயம் பூசிய ஆணி மட்டும் மாப்பிள்ளை போல மின்னியது. துருவுக்கு நான் வைத்த பரீட்சை அப்பழுக்கில்லாதது. வெட்டுக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மாமாவிடம் அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆத்தா, இது பித்தளை இல்ல. இரும்புல ஈயம் ஒட்ட நல்லா சூடு காட்டணும். ஆயுதமாச்சே, ஆசாரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வந்துருங்களேன்."

"ஆணியில ஒட்டுச்சுல்ல பாய்? ஆணியும் இரும்பு, அருவாளும் இரும்பு. காட்டுங்க சூடு."

காட்டினார். அரிவாள் நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தது. ஈயம் பிடிக்க நவச்சார உப்பைத் தூவியதும் வெள்ளைப் புகை எழும்பியது. ஈயத்தை உருக்கிவிட்டுப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தார். ஐயோ, அந்த அழகை என்ன சொல்ல! கறுத்துக் கிடந்த அரிவாள் நிலா போல ஆகிவிட்டது.

மாமா அதை வாங்கி முகம் பார்த்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். ஊரெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினார். "மருமக பூசுனது" என்றார். (அவர் ஒரே நாளில் அத்தனை முறை பேசியதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.) அதை வேலைக்கு மட்டும் எடுக்கவில்லை. பக்கத்துத் தோப்பில் அரிவாள் இரவல் வாங்கி முள் வெட்டினார். "நல்ல காரியத்துக்கு எடுப்போம் ஆத்தா" என்றார்.

நல்ல காரியம் அடுத்த வாரமே வந்தது. என் நாத்தனார் செல்லத்தைப் பெண் பார்க்க அரிமளத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டும் என்று மாமியார் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் வருகிற அன்று விடிகாலையில் அடித்த காற்றில், வண்டிப்பாதைக்குக் குறுக்கே ஓர் உடைமரம் சாய்ந்துவிட்டது. எங்களுக்கு அது தெரிந்தபோது, பஸ்ஸைவிட்டு இறங்கிய விருந்தாளிகள் மாட்டுவண்டியில் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். மாமா உள்ளே போய் நிலாவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் மோர்ச் செம்போடு பின்னாலேயே ஓடினேன். என் கண்டுபிடிப்பு வேலை செய்வதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

"வாங்க, வாங்க! இந்தா, ரெண்டே வெட்டு" என்று மாமா மரத்துக்கு மேலே கையை ஓங்கினார். வெயில் பட்டு அரிவாள் பளீரென்றது. வண்டியிலிருந்த மாப்பிள்ளையின் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் கணவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"ஏங்க, வெள்ளி அருவாளுங்க! பெரிய எடம் போல."

முதல் வெட்டு விழுந்தது. மரத்தில் ஒரு கீறல். அரிவாளின் வாய், தோசை ஓரம் சுருண்டது போலச் சுருண்டுவிட்டது. மாமா அதைப் பார்த்தார். திருப்பிப் பிடித்து இன்னும் வேகமாக ஒரு போடு போட்டார். அரிவாள் புடலங்காய் போல வளைந்தது. மரப்பட்டையில் வெட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ மின்னியது. அரிவாளில் இருந்த ஈயத்தை மரத்துக்குப் பூசியிருந்தோம்.

மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டது என்றுதான் எனக்கு ஞாபகம்.

"வெள்ளியில செஞ்சா வளையத்தானுங்க செய்யும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மிகுந்த மரியாதையோடு.

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த வளைந்த அரிவாளைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அது எனக்குத் தாங்கவில்லை.

"வெள்ளி இல்லீங்க. ஈயம்" என்றேன். "துருப்பிடிக்காம இருக்க நான்தான் பூசச் சொன்னேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய இடம் அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப்போனது. வேறு வழியில்லாமல் எல்லாரும் சாய்ந்த மரத்துக்கு அடியில் குனிந்து இங்கிட்டு வந்தார்கள். அந்தம்மாவின் கொண்டை முள்ளில் மாட்டிக்கொண்டது. நானும் மாப்பிள்ளையின் அப்பாவும் சேர்ந்து பிய்த்தெடுத்தோம். அப்படியும் வீடு வந்து சேர்ந்தபோது கொண்டையில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருந்தன. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்லம் காபித் தட்டோடு வந்து நின்றாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் தாராளம். (அதுவும் என் கைவேலைதான்.) அந்தம்மா அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொண்ணுக்கும் ஏதும் பூசியிருக்கீங்களா?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது இடமும் போய்விட்டது என்று நான் நினைத்தேன். செல்லம் காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். நான் காபியைக் கொடுத்து முடிப்பதற்குள் மூன்று செம்புத் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு, நெற்றிப் பொட்டுகூட இல்லாமல் வந்து அந்தம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"இவ்வளவுதாங்க நான். வேணும்னா வெட்டிப் பாத்துக்கங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. வாயில் இருந்த காபி அவர் சட்டையிலேயே விழுந்தது. அவர் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் அந்தம்மாவும் சிரித்தார். சிரித்த குலுங்கலில் கொண்டையிலிருந்து ஒரு முள் தட்டில் விழுந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே மாமா அரிவாளை ஆசாரி பட்டறைக்கு எடுத்துப்போனார். நானும் போனேன்.

"தண்ணியில தோய்ச்சு ஏத்துன பதத்த நெருப்புல போட்டு எறக்கிட்டீங்க. இப்ப இது வெறும் தகரம்" என்றார் ஆசாரி. மறுபடி காய்ச்சி அடித்து, தோய்த்து, பதம் ஏற்றிக் கொடுத்தார்.

"அரம் போட்டுப் பளபளப்பாக்கலாமா?" என்று கேட்டேன். (அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.)

"உலைக் கறுப்பு அப்படியே இருக்கட்டும் தாயி. கறுப்புல துரு அவ்வளவு சுலுவா ஏறாது. அதுக்கு மேல வேப்பெண்ணெயத் தெனமும் ஒரு கை தடவுங்க. வாய மட்டும் தீட்டுங்க, போதும்."

என் நோட்டில் இருந்த ஆறு பக்க முடிவுகள் ஒரே மூச்சில் ரத்தாயின. திரும்பி வரும்போது மாமா அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். தோப்பு வந்ததும் நின்றார்.

"இருந்தாலும் பாக்க நல்லா இருந்துச்சு ஆத்தா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, அந்தக் கறுத்த அரிவாளுக்குச் சாயங்காலம் எண்ணெய் தடவியது நான்தான்.

போன வருஷம் என் பேத்தியைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பெண் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், கூடத்து மூலையிலிருந்து செல்லம் குரல் கொடுத்தாள்.

"பொண்ணுக்கு எதுவும் பூசலைங்க. வேணும்னா வெட்டிப் பாத்துக்கங்க!"

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்தவர்கள் மிரண்டுபோய் எழுந்திருக்கப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் அவர்களை உட்காரவைத்து, சிரட்டை, ஆணி, பாய், கொண்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அய்யோ பாவம், யாருங்க அந்தப் படிச்ச மருமக?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும், தொட்டில் பிள்ளை தவிர, என் பக்கம் கையை நீட்டினார்கள்.