கடலுக்குக் கீழே ஒரு வகுப்பு

"மிஸ், எங்கட வகுப்பு கடலுக்குக் கீழ கிடக்கு," என்றான் டிலோஜன், கொப்பியிலிருந்து தலை நிமிராமல். "முப்பது சென்ரிமீற்றர்."

மன்னார்த் தீவின் அந்தச் சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில் பெற்றிசியா மிஸ் நில அளவை படிப்பிக்க வந்து ஆறு வருடம். இருபத்தெட்டுப் பேர் பதிந்த வகுப்புக்கு ஒன்பது பேர் வருவார்கள். அதில் ஆறு பேர் மேசைக்குக் கீழே போன் பார்ப்பார்கள். இப்படியே போனால் பாடத்தை நிறுத்தவேண்டி வரும் என்று அதிபர் ஹமீட் சேர் சொல்லிவிட்டார்.

வேறொரு நாளென்றால் மிஸ் "கணக்குப் பிழை, திரும்பச் செய்" என்றிருப்பார். அன்று யன்னலால் வந்த சோளகக் காற்று அவரை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அப்ப இந்த நேரம் மேசைக்காலடியில ஓரா மீன் மேயும்," என்றார் மெல்ல. "நிலமெல்லாம் பச்சை வெளிச்சம் ஆடும். செருப்புக்குள்ள குஞ்சு நண்டு படுத்திருக்கும்."

ஒருவரும் போனைத் தொடவில்லை.

அடுத்த நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள்.

"திரும்ப ஒருக்கா அளப்பம் மிஸ்!"

கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்த கல்லொன்று உடைமரப் பற்றைக்குப் பின்னால் நின்றது. அதன்மேல் ஒருவர் நீண்ட அளவுகோலைப் பிடிக்க, வகுப்பில் நிறுத்திய கருவியின் தொலைநோக்குக் குழாயால் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்தார்கள். நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் கீழே!

"தண்ணி கதிரை மட்டத்துக்கு வந்திட்டுது," என்றார் மிஸ், கண் பாதி மூடி. "மடியில கொப்பி மிதக்கும். பக்கம் புரட்ட நீரோட்டம் வரவேணும்."

மூன்றாம் நாள் இருபத்தெட்டுப் பேரும் வந்தார்கள். மிஸ் தாமே குழாயால் பார்த்தார். வட்டத்துக்குள் அளவுகோலின் இலக்கங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. தொண்ணூறு.

"வாசலில கடற்பசு ஒண்டு நிக்குது," என்றார். "வரவுப் புத்தகத்தில அதின்ர பேரையும் எழுதத்தான் வேணும்."

வகுப்பு சிரித்து முடித்த பிறகுதான் மிஸ்ஸுக்கு உறைத்தது. கனவு அவருடையது, இலக்கம் அவருடையதில்லையே! கண்ணால் பார்த்த இலக்கம். மாரி வந்தால் பிள்ளைகளின் கதி?

அதிபரிடம் ஓடினார். "சேர், நாங்கள் கடலுக்குள்ள இருக்கிறம்!"

"யா அல்லாஹ்! எவ்வளவு தூரம்?"

"தொண்ணூறு சென்ரிமீற்றர்."

மத்தியானத்துக்குள் கந்தோர் அலுமாரிகள் மேல்மாடிக்கு ஏறின. புதிய பட்டறைக்கு வெட்டிய அத்திவாரக் கிடங்கை மூடினார்கள். டிலோஜனின் தகப்பன் சந்தியோகு தன் வள்ளத்தைக் கொண்டுவந்து கல்லூரி வாசல் படலையில் கட்டிவிட்டுப் போனார். "சும்மா, ஒரு காவலுக்கு."

வெள்ளிக்கிழமை அதிபர் கூப்பிட்ட பொறியியலாளர் ஒருவர் புதுக் கருவியோடு வந்தார். வகுப்பின் நடுவில் அதை நிறுத்தினார்.

"முப்பது சென்ரிமீற்றர்," என்றார்.

"கீழயோ?" என்றார் அதிபர்.

"மேல."

டிலோஜன் அவசரமாகக் கொப்பியைப் புரட்டினான். "முதல் நாள் சும்மா ஒரு கழித்தல் குறி போட்டிட்டன் சேர்..."

"சரி, மற்ற நாளுகள்?" என்றார் அதிபர்.

பெற்றிசியா மிஸ் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "மூண்டாம் நாள் நானேதான் பாத்தனான் சேர். ஆறு வருசமாப் படிப்பிக்கிறன், எனக்கே அளக்கத் தெரியேல்ல. பாடத்தை நிப்பாட்டுங்கோ."

அதிபர் வாயைத் திறக்குமுன் கடைசி வாங்கிலிருந்து நுஸ்ரியா எழும்பினாள். பற்றைக்குப் பின்னால் அளவுகோல் பிடிக்கிற பிள்ளை. வகுப்பில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"மிஸ்ஸில பிழையில்லை சேர்," என்றாள். "கோலை உயர்த்தினா வகுப்பு தாழ்ந்ததாக் காட்டுமெண்டு மிஸ் வடிவாப் படிப்பிச்சவ. மிஸ் மிச்சக் கதையையும் சொல்லவேணுமெண்டு, ஒருநாள் கல்லுக்கு மேல மேசை வைச்சும், மற்ற நாள் மேசைக்கு மேல கதிரை வைச்சும் நான்தான் கோலைப் பிடிச்சனான்."