பெண் பார்க்க வந்த இடத்தில் நீராவி

மாரிகுப்பம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய முனிரத்தினம் ஐயா அவர்களுக்கு, தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். ராபர்ட்சன்பேட்டையில் தங்கள் குடும்பமும் பாத்திரக் கடையும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மகன் சரத்துக்காக என் மகள் ஷில்பாவைப் பெண் பார்க்க வந்தபோது நான் பேசியது தப்பு. இதை என் மனைவி பார்வதம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. என் வாயால் இந்தச் சம்பந்தம் கெட்டால் எனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமல்லவா? தாங்கள், "பொண்ணுக்கு பெங்களூர்ல இன்னா வேலை?" என்றீர்கள். வியாழனைச் சுற்றும் ஒரு நிலாவின் காற்றில் நீராவி கண்டுபிடித்திருக்கிறாள் என்றேன். தாங்கள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "எத்தினி கொடம் தேறும்?" என்றீர்கள். குடம் விற்கிறவர், அப்படித்தான் கேட்பார் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த நிலாவின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், நீராவிக்கே உரிய இடங்களில் கறுப்புக் கோடு விழும், அது விழுந்திருக்கிறது என்று குழந்தை எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! அதற்கு, "கோட்டைப் பார்த்தா ஆச்சா? யாரு போய்ப் பார்த்தாங்க?" என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருஷம் மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். சுரங்கத்துக்குள் ஒரு மைல் ஆழத்தில் நிற்கும் கேஜை, அதாவது ஆள் ஏறும் கூண்டை, கண்ணால் கண்டதே இல்லை, கீழேயிருந்து வரும் மணிச் சத்தம்தான். மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம், நம்பித் தூக்குவேன். அதனால்தான், "யோவ், உங்கப்பாவையே நான்தான்யா தெனமும் மேல ஏத்தினேன், ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா? மணியை நம்பாம உட்டிருந்தா நீ கடையும் வெச்சிருக்க மாட்டே, பஜ்ஜியும் துன்னிருக்க மாட்டே" என்று சொல்லும்படி ஆயிற்று. "யோவ்" என்றதற்கு மட்டும் மன்னிக்கவும். பார்வதம்மா முறைக்கிறாள், எல்லாவற்றுக்கும் மன்னிக்கவும். தாங்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்ததில் தப்பில்லை. ஆனால் தட்டு காலியான பிறகுதான் எழுந்தீர்கள்.

கோபத்தை மறந்து நல்ல சேதி சொல்லி அனுப்பவும். வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், தம்பி சரத்துக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
துரை

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் ஷில்பா போன் செய்தாள். நீராவி அங்கே இல்லையாம். நம் பூமிக் காற்றின் ஈரமே குறுக்கே வந்து அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறதாம். அவளே மறுபடி சரிபார்த்து, தப்பு என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் பெருமைதான், அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை. ஆகையால் மேலே தங்களைக் குத்திக்காட்டிய வரிகளை வாபஸ் வாங்குகிறேன். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, தாங்களே பேனாவால் அடித்துக்கொள்ளவும். இந்தச் சேதியைத் தங்கள் மகனிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டாளாம், எனக்குத்தான் இன்று. இருவருமாக வைகாசியில் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும் ஒரு பத்திரிகை வைப்பார்கள் என்று நம்புகிறேன்.