பிரெஞ்சுப் பலகாரமும் பிரேமாவின் தோசைக்கல்லும்

கரமனை,
திருவனந்தபுரம்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த பெரிய அத்தான் அழகியநம்பி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பகவதிப்பெருமாள் வணங்கி எழுதுவது. இங்கே என் சர்க்கரையைத் தவிர மற்றெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. அங்கே மைனியின் முட்டுவலி தேவலையா, நாகர்கோவிலில் மழை உண்டா என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று யோசிக்காதீர்கள். போனில் பேசினால் அடுப்பங்கரையில் இருக்கும் உங்கள் தங்கை காதில் விழும். விழுந்தால் எனக்கு ராத்திரி சோறு கிடையாது.

விஷயம் இதுதான். நம்ம ஆர்யா முழுகாமல் இருக்கிறாள். அவள் லிஜோவை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து உங்கள் தங்கை பிரேமா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் பால் வாங்கப் போகிற சாக்கில் பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர்கூட வயிற்றில் தங்கமாட்டேங்குது என்றாள். என்ன வேணும் மக்ளே என்று கேட்டேன். "கீஷ் வேணும் அப்பா. கடையில வாங்கினா அந்த மணமே கொமட்டுது. வீட்டில செஞ்சது வேணும்" என்றாள். அது மைதா மாவில் கிண்ணம் மாதிரி செய்து, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, கீரையும் சீஸும் போட்டு வேகவைக்கிற பிரெஞ்சுக்காரன் பலகாரமாம். மசக்கைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டது பிறந்த வீட்டிலிருந்துதான் போகணும் என்பது நம்ம குடும்ப வழக்கம். பயந்துகொண்டே பிரேமாவிடம் சொன்னேன், அவளும் அதை மறுக்கவில்லை. ஆனால் முட்டை என்றதும், "என் அடுப்பங்கரை வாசப்படியை அது தாண்டப்படாது" என்று சொல்லிவிட்டாள். சரி, தாண்ட வேண்டாம், புறவாசலில் வைத்து நானே செய்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் அனூப்பிடம் கோழி சுடுகிற கரி அடுப்பு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் அல்ஃபாம் கோழி சுடுவான், புகை முழுக்க நம்ம ஜன்னலுக்குத்தான் வரும், அதற்காக அவனோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அதே அடுப்பைக் கேட்டு அவன் வாசலில் போய் நின்றேன். "எடுத்தோ அங்கிளே, அதுக்கென்ன" என்று ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், அதை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். அடுப்பைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். அப்புறம் கரி. கோழிக்காரர்கள் வாங்குகிற கடையில் நின்றால் தெரிந்தவன் எவனாவது பார்ப்பானே என்று, ஆரியசாலையில் நாம் வழக்கமாகப் போகிற பூஜைச் சாமான் கடையில் தூபத்துக்குப் போடுகிற கரியை வாங்கி வந்தேன். அதில் ஏற்கெனவே சாம்பிராணி சேர்த்திருக்கிறது என்று பற்றவைத்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு வெங்கடகிருஷ்ணன் மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்ன சார், ஹோமமா என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முட்டை அடித்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

ஆர்யா வந்தாள். லிஜோ கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்துவிட்டான், கூப்பிட்டும் வரவில்லை. மரியாதை தெரிந்த பையன் அத்தான், அதை நான் சொல்லித்தான் ஆகணும். பிள்ளை மெலிந்துபோய்க் கழுத்தெலும்பு தெரிகிறது. புறவாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரேமா அடுப்பங்கரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வா என்று சொல்லவில்லை. இவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பிடிவாதம் உங்கள் குடும்பத்துச் சொத்து, தப்பாக நினைக்காதீர்கள். நடுவில் நான் கீஷ் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி விசிறிக்கொண்டு நிற்கிறேன், அடியில் தீய்ந்த வாடை வருகிறது, மேலே முட்டை அப்படியே மோர் மாதிரி ஆடுகிறது, விசிறின விசிறலில் சாம்பல் வேறு பறந்து உள்ளே விழுகிறது. "மதி அப்பா, போதும் விடுங்க. எனக்குப் பசிக்கல்ல" என்றாள் ஆர்யா.

அப்போது ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "கீழ மட்டும் தீ இருந்தா மேல எப்படி வேகும்? மேலயும் கனல் வைக்கணும்லா." அதற்கு மூடிக்கு எங்கே போக என்றேன். கதவு திறந்தது. அத்தான், உங்கள் அம்மா சீராகக் கொடுத்த இரும்பு தோசைக்கல்லை நினைவிருக்கிறதா? ஒரு தடவை நான் அதில் வெங்காயம் வதக்கியதற்கு உங்களிடமே புகார் வந்ததே. அதைக் கொண்டுவந்து அந்தப் பாத்திரத்தின்மேல் வைத்து, இடுக்கியால் கனலை அள்ளி மேலே பரப்பினாள். முட்டை பொங்கிக் கல்லின் அடியில் ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆர்யா சாப்பிட்டாள். "அப்பா, இதுக்கு நம்ம வீட்டு வெள்ளிக்கிழமை மணம்" என்று சொல்லி இன்னொரு துண்டும் வாங்கிச் சாப்பிட்டாள். வாந்தி எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே போய்விட்டாள்.

இப்போது தோசைக்கல் துணி துவைக்கிற கல்மேல் கிடக்கிறது. பிரேமா அதை உள்ளே எடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. நான் கழுவப் போனால் "தொடாதீங்க" என்கிறாள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மகளுக்காகக் கல்லை வெளியே கொண்டுவர அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. உள்ளே கொண்டுபோகத்தான் மனசு வரமாட்டேங்குது. இதில் நான் வாய் திறந்தால் காரியம் கெடும். நீங்கள் சொன்னால் கேட்பாள். தயவுசெய்து முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து உங்கள் தங்கைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

மைனிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் எல்லாரும் பசித்து உண்டு, நிம்மதியாக உறங்கி, நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பகவதிப்பெருமாள்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடக் காலையில் எழுந்தால் அடுப்பங்கரையில் தோசை சுடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன், அதே கல். அவளே, "அந்தப் பையன் நேத்து வெளியவே நின்னுட்டுப் போயிட்டான். அவனும் ஒண்ணும் தின்னிருக்கமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே தோசையைத் தூக்குவாளியில் அடுக்கினாள். ஆர்யா வீட்டுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள். ஸ்கூட்டர் பெட்டியில் நீங்க ஒளிச்சு வச்சிருக்கிற மிச்ச முட்டையையும் எடுத்துக்கிடுங்க என்றாள். ஆகையால் அத்தான், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடாதீர்கள். வீடு பூட்டியிருக்கும்.