பொய் பிடிக்கும் கண்ணாடி

பல்கேரியாவின் ஸ்லிவென் நகரத்தில் அந்தக் கோடையில் பீச் பழத்துக்குக்கூட அவ்வளவு கிராக்கி இல்லை. டாக்டர் ஸ்வெதொஸாரின் கண்ணாடிக்குத்தான் இருந்தது. பழங்களை ஜாடியில் அடைக்கும் தொழிற்சாலையின் சுவரில் அதை மாட்டியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்து பேசினால் போதும். உள்ளே இருக்கும் செயற்கை நுண்ணறிவு முகத்தைப் படித்து, உண்மை என்றால் பச்சை விளக்கும் பொய் என்றால் சிவப்பு விளக்கும் எரிக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊராருக்கும் அதைத் திறந்துவிட்டார் முதலாளி கிராஸிமிர். பெண்டாட்டிகள் புருஷன்மாரை இழுத்து வந்தார்கள். பாதிரியாரே வரிசையில் நின்றார். கடவுளிடம் கேட்டிருக்கலாம், அங்கே விளக்கு எரிவதில்லையே!

டாக்டர் எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா?

வேலையிடத்தில் முகம் பார்த்து மனசைக் கணிக்கும் இயந்திரங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருந்தது. மருத்துவம், பாதுகாப்பு என்றால் விலக்கு உண்டு. உடனே அது 'உடல்நலக் கண்ணாடி' ஆகிவிட்டது. ஒன்றியத்தின் கொடி மாதிரி மஞ்சள் நட்சத்திரம் போட்ட நீல ஸ்டிக்கர் ஒன்றை அச்சடித்து அதன் நெற்றியில் ஒட்டினார் டாக்டர். சட்டம் போட வருஷக்கணக்கில் விவாதம். அதை ஏய்க்க ஒரு ஸ்டிக்கர்.

கொட்டை நீக்கும் பிரிவில் வேலை பார்த்த ஸ்லாதினா, அறையில் புழுங்கிச் சாகிறோம் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொன்னவள். அடுத்த வாரமே கிடங்கில் சர்க்கரை மூட்டைகள் காணாமல் போயின. அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்தார்கள்.

"சர்க்கரைய நான் தொடவே இல்ல."

சிவப்பு.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்!"

"மெஷின் பொய் சொல்லாதும்மா. அதுக்கென்ன பொண்டாட்டியா, பிள்ளையா?"

வேலை போனது. வாசலில் தோழி கின்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா உன் பக்கத்துல நின்னவடி நான்!"

"நீ மனுஷிதானே அக்கா. அது மெஷினாச்சே."

திருடி என்ற பேரைவிட அந்தப் பதில்தான் ஸ்லாதினாவுக்கு அதிகம் வலித்தது. அழுது முடித்தாள். பிறகு தலைநகர் சோஃபியாவில் அந்தத் தடையைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரியும் நேரத்தில் ஆய்வாளர் ருமியானா வந்து இறங்கினாள். ஸ்லாதினாவும் கூடவே வந்தாள்.

"இது உடல்நலக் கண்ணாடி மேடம்" என்று குழைந்தார் கிராஸிமிர்.

"அப்படியா? என் ரத்த அழுத்தம் எவ்வளவுன்னு சொல்லச் சொல்லுங்க."

கண்ணாடி சொல்லவில்லை. ருமியானா ஒரு மேசை விரிப்பை வாங்கி, டாக்டருக்கும் நாற்காலிக்கும் நடுவே திரையாகக் கட்டச் சொன்னாள்.

"எதுக்கு மேடம் திரை?" டாக்டருக்கு வியர்த்தது.

"மெஷின்தானே பாக்குது? நீங்க எதுக்குப் பாக்கணும்?"

திரைக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஸ்லாதினாவின் குரல் வந்தது: "சர்க்கரைய நான் தொடவே இல்ல."

சிவப்பு! கூட்டம் உச்சுக்கொட்டியது.

ருமியானா திரையை விலக்கினாள். ஸ்லாதினா ஓர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் கம்பீரமாக வீற்றிருந்தது ஒரு ஜாடி பீச் பழம்.

"யார் முகத்தைய்யா படிச்சுது உங்க மெஷின்? பீச்சா பொய் சொல்லுச்சு?" என்றாள் ருமியானா.

டாக்டரின் கை கோட்டுப் பையிலேயே இருந்தது. ஸ்லாதினா எட்டி அதை வெளியே இழுத்தாள். விரலுக்கடியில் இரண்டு பொத்தான் வைத்த ரிமோட்.

"என்னை ஏன் பிடிக்கிறீங்க? முதலாளி பேர் சொல்லுவார், நான் அமுக்குவேன்! சர்க்கரைய வித்தது அவர் மச்சான்!" என்று அலறினார் டாக்டர். அந்த வாயில் வந்த முதல் உண்மை அதுதான். அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றினார்கள். இரண்டு பல்பு, கொஞ்சம் ஒயர். செயற்கை இருந்தது, நுண்ணறிவைக் காணோம்.

ருமியானா பெருமூச்சு விட்டாள். "என் சட்டம் மெஷினுக்குத்தான். இங்க மெஷினே இல்லையே! போலீஸைக் கூப்பிடுங்க."

கிராஸிமிரையும் டாக்டரையும் போலீஸ் கொண்டுபோனது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லி ஸ்லாதினாவுக்கு ஆள் வந்தது. ஆனால் போலீஸ் போன பிறகும் அன்று கூட்டம் மட்டும் கலையவில்லை. கின்கா தயங்கித் தயங்கி ஆய்வாளரிடம் வந்தாள்.

"மேடம், அப்போ சட்டப்படி அனுமதிச்ச, நிஜமாவே பொய் பிடிக்கிற மெஷின் எங்க கிடைக்கும்?"

ஸ்லாதினாதான் பதில் சொன்னாள்:

"உன் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குடி. அதுக்கு எந்த அரசாங்கமும் தடை போடல. நீயேதான் போட்டு வச்சிருக்க."