சாவித்ரி சான்றளிக்க வேண்டிய ஞாபகம்

கலை தோன்றிய நாள் முதல் 1983 வரை உலகத்தின் நினைவுகள் எல்லாம் நீர்த்த நிலையிலேயே இருந்து வந்தன. அவற்றுக்குக் கெட்டித்தன்மை வழங்கிய பெருமை, திருவனந்தபுரத்தில் ஓர் ஓய்வூதிய அலுவலகத்தின் தலைமை எழுத்தரான சேஷனையே சேரும். படகுக்குப் பூசுகிறவர்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கும் ரெசின் என்ற பிசினை அவர் முதன்முதலாக இட்லித் தட்டில் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமையைச் சரித்திரம் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டது. அவர் மனைவி சாவித்ரி தவறவில்லை. அந்தத் தட்டில் அதன்பின் இட்லி வேகவில்லை.

முறை எளிது. தேன் போன்ற திரவத்தில் சில சொட்டு மருந்து கலந்து, நடுவில் நினைவை வைத்து, மேலும் ஊற்றிவிட்டால் மறுநாள் கண்ணாடிபோல் இறுகிவிடும். எட்டே மாதங்களில் சேஷன் தம் இளமையை ஏறக்குறைய முழுவதுமாக இறுக்கி முடித்தார். வார இதழில் வெட்டிய நடிகையின் கண்கள், ரேடியோப் பெட்டியின் குமிழ், கல்லூரி நாடகத்தில் ஒட்டிக்கொண்ட மீசை எல்லாம் வரிசையாக அலமாரி ஏறின. அந்த நெடிக்குத் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. ‘நவீனம்’ என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று அவர் தெருவுக்கு எடுத்துச் சொன்னார்.

அலுவலக மனமகிழ் மன்றம் கலைப் போட்டி அறிவித்தது. செயலாளர் என்ற முறையில் விதிகளை வகுத்தவரும் சேஷனே. எண்பது வயது ஓய்வூதியக்காரர் நேரில் வந்து மூச்சிரைக்க நின்றாலும், ‘உயிருடன் இருப்பதற்குச் சான்று எங்கே?’ என்று பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த மனிதர், கலைக்கு மட்டும் சலுகை காட்டுவாரா? விதி ஏழு பிறந்தது: “காட்சிக்கு வரும் நினைவு மெய்யானதே என, அச்சமயம் உடனிருந்த ஒருவர் கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். சான்றில்லா நினைவு பரிசீலிக்கப்படமாட்டாது.”

முதல் பரிசு பெறும் படைப்பு அலுவலக இயக்குநரின் அறையில் நிரந்தரமாக இடம்பெறும். சேஷன் அந்த அறைக்குள் எத்தனை முறை போனாலும் நின்றபடியே பேசித் திரும்பி வந்தவர். தம் பெயராவது உள்ளே உட்காரட்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் குற்றமில்லை.

அவர் படைப்பின் தலைப்பு ‘நாங்கள் பார்த்த முதல் படம்’; நாங்கள் என்றால் அவரும் சாவித்ரியும். ஒரு செங்கல் அளவு ரெசினுக்குள் பாதி கிழித்த இரண்டு சினிமா டிக்கெட்டுகள், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், ஒரு முழம் மல்லிகை. ரெசின் இறுகும் சூட்டில் மல்லிகை காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. ‘காலத்தின் வண்ணம்’ என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

நடுவராக வந்த துணை இயக்குநர் அனந்தபத்மநாபன் அந்தக் கட்டியின் முன் பத்து நிமிடம் நின்றார். தாம்பத்தியம் என்பதே ஒளி ஊடுருவும் ஒரு பொருள்தான் என்று கருத்துத் தெரிவித்தார். பரிசு முடிவான மாதிரிதான். சான்று மட்டும் பாக்கி. அதைச் சேஷன் வீட்டிலேயே வாங்கியிருக்கலாம். சபை நடுவே வாங்கினால் கைதட்டலுக்கு வசதி என்று விட்டுவைத்திருந்தார். சாவித்ரியைப் பட்டுப்புடவையில் வரவழைத்து, பேனாவைத் திறந்தே நீட்டினார்.

கணவர் நீட்டிய காகிதங்களில் எல்லாம் படிக்காமல் கையெழுத்திட்டு வந்தவள் சாவித்ரி. அன்று மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“இது எப்போ?”

“டிக்கெட்லயே தேதி இருக்கே. அறுபத்தாறு செப்டம்பர், பன்னெண்டு.”

“அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். நம்ம வசந்தா பொறந்து மூணாம் நாள். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிச்சேள்.”

சேஷன் பொய் சொல்லவில்லை. பதினேழு வருடங்களாக அவர் நினைவில் சாவித்ரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோகக் கட்டத்தில் அழவும் செய்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தபால் பிரிவுத் தங்கப்பன் நண்பருக்கு வந்த இக்கட்டைப் பார்த்துப் பொறுக்காமல் முன்னால் வந்தார்.

“ரெண்டாவது டிக்கெட் எனக்காக்கும் சாரே. இடைவேளையில சார் கப்பலண்டி வாங்கித் தந்தது நல்ல ஓர்மையுண்டு. நான் ஒப்பு போட்டுத் தரட்டா?”

வேர்க்கடலை விவரம் இவ்வாறு சபையில் பதிவாயிற்று. படத்தில் அழுததும் தாம்தான் என்று தங்கப்பன் கூடுதலாகத் தெரிவித்தார்.

அனந்தபத்மநாபன் விதி ஏழை இருமுறை வாசித்தார். உடனிருந்தவர் மனைவியாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. தங்கப்பன் தகுதியுள்ள சாட்சியே. மல்லிகையைப் பற்றிக் கேட்டபோது, தம் அறிவுக்கு எட்டியவரை அப்போது மல்லிகை எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னதால், சான்றுத் தாளில் அதை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டு மீதிக்குக் கையொப்பம் பெறப்பட்டது. ‘நாங்கள் பார்த்த முதல் படம்: சேஷன், தங்கப்பன்’ என்று அட்டை மாற்றி எழுதப்பட்டு, முதல் பரிசு அறிவிக்கப்பட்டது. சபை கைதட்டிற்று. எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகவே தட்டிற்று. சேஷன் யாரையும் பார்க்காமல் கும்பிட்டார்.

மரியாதைக்காக, கலைஞரின் மனைவியிடமும் அபிப்பிராயம் கேட்டார் நடுவர். சாவித்ரி கட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“ரொம்பத் தெளிவா வந்திருக்கு. எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் நான் இல்லை.”