இரண்டு நீலமும் ஒரு மூதூர்ப் பயணமும்

இரண்டு நீலமும் ஒன்றாகும்வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று சனிக்கிழமை காலையிலேயே வினோதன் சபதம் எடுத்துவிட்டான். விஞ்ஞானத்துக்காக அல்ல. மூதூருக்குப் போகாமல் தப்புவதற்காக.

மூதூரில் மனைவி லதுஷாவின் அண்ணன் அஞ்சலோ இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்க மாட்டார். சாப்பிட்ட கையோடு தன் கலியாண வீடியோவைப் போட்டுவிடுவார். மூன்று மணித்தியாலம். வினோதன் ஆறு தடவை பார்த்தாயிற்று. மாப்பிள்ளைத் தோழன் எந்த இடத்தில் தும்முவான் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம்.

நல்லவேளையாக ஒரு சிக்கல் அகப்பட்டது. கொட்டியாரக் குடாவில் சூடை மீன் எங்கே, எவ்வளவு என்று ஆராய்வது அவன் உத்தியோகம். குடாவின் மேப்பை ஒரு மென்பொருளில் கீறியிருந்தான், மீன் தொகையின் கிராஃப்பை இன்னொன்றில். இரண்டிலும் சூடைக்கு ஒரே நீலம்தான் கொடுத்திருந்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிராஃப்பில் கடும் நீலம், மேப்பில் வெளிறல் நீலம். இவை சேரும் ஆய்வுக் கட்டுரையை இன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

லதுஷா சேலை கட்டி முடித்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் டவுனில் ஒரு பெயின்ற் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவள்.

“இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

“ஏலாது லதுஷா. நிறம் பொருந்தேல்லை. இண்டைக்கு முழுக்க எடுக்கும்.”

“நம்பர் என்ன?”

“என்ன நம்பர்?”

“நிறத்துக்கு நம்பர் இருக்குமே. கடையில நாங்கள் கண்ணால பாத்துக் கலக்கிறேல்லை.”

வினோதன் பெரிய மனதோடு சிரித்தான். “அதைப் பாக்காமல் இருப்பனோ? ரெண்டிலயும் ஒரே நம்பர்தான். அதுதான் விசித்திரம்.”

“நம்பர் சரியெண்டா, பெயின்றைத் தண்ணியாக்கிற தின்னரை ஆரோ கூட ஊத்தியிருக்கினம்.”

“கொம்பியூட்டருக்க தின்னர் இல்லையப்பா.”

“அப்ப மேப்பில இது என்ன, ஐம்பது வீதம்?”

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்ததும் வினோதனுக்கு ஞாபகம் வந்தது. நிறத்துக்கு அடியில் கரைக்கோடு தெரியட்டும் என்று போன கிழமை அவனேதான் நீலத்தின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்திருந்தான். அடியில் கிடந்த வெள்ளை மேலே தெரிந்து நீலத்தை வெளிறச் செய்துவிட்டது.

“நூறாக்கினா கரை மறைஞ்சு போயிடும்,” என்றான். விட்டுக்கொடுக்க மனமில்லை.

“வள்ளத்துக்கு பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தானே பேர் எழுதுறவை? முதல்ல நிறத்தை அடியுங்கோ. கோட்டை அதுக்கு மேல வையுங்கோ.”

அப்படியும் செய்யலாமோ என்று அவனுக்கு ஆவல் பற்றிக்கொண்டது. மூதூர் மறந்துபோயிற்று, மச்சானும் மறந்துபோனார். நீலத்தை நூறாக்கினான். கரைக்கோட்டை மேலே தூக்கினான். இரண்டு நீலமும் கூடப் பிறந்தவை மாதிரி நின்றன. சந்தோஷம் தாங்காமல் கட்டுரையையும் அந்தக் கையோடு அனுப்பிவிட்டான்.

“பாத்தீரோ? நாலு நிமிசத்தில முடிச்சிட்டன்,” என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

“ஓம், நீங்கள் கெட்டிக்காரன்தான்,” என்று லதுஷா சேர்ட்டை நீட்டினாள். “அந்த லப்டொப்பையும் எடுங்கோ. அண்ணான்ர கலியாண வீடியோ நிறம் மங்கிப்போச்சாம். நீங்கள் இருந்து முழுக்கத் திருத்தித் தருவியள் எண்டு நேற்றே சொல்லிப்போட்டன்.”