தாழ்ப்பாளுக்கு ஒரு பட்ஜெட்

பதினேழு எட்டு எவ்வளவு என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனதில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

நகராட்சி நூலகத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் அங்கே தேர்வுக்குப் படிக்க வரும் பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவள் உரக்க வாய்ப்பாடு சொல்ல வேண்டும். குரல் கேட்டால் ஆள் இருக்கிறது. குரல் நின்றால் அடுத்தவள் போகலாம். 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு இதில் சிரமமே இருந்ததில்லை. பேச்சு அவளுக்கு மூச்சு மாதிரி. அன்று மட்டும் பதினேழு எட்டில் ஒரு விநாடி யோசித்துவிட்டாள்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் நின்றிருந்தார்.

"நூத்தி முப்பத்தாறு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மானம் போனதைக்கூட ரேடியோ பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தக் கதவுக்குப் பயந்தே அவள் தோழி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் படித்து, மயங்கி விழுந்து, மூன்று நாளாக வரவில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வீட்டில் படிக்க இடமில்லாத நாற்பது பெண்களுக்கு அந்த நூலகத்தை விட்டால் வேறு கதியில்லை.

மறுநாள் ரேடியோ ஒரு தாழ்ப்பாளும் திருப்புளியும் வாங்கி வந்தாள். நூலகர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"தாழ்ப்பாள் போடறேன் சார். என் செலவுதான்."

"இது அரசாங்கக் கதவும்மா! நீ பாட்டுக்கு ஓட்டை போட்டா நான்ல பதில் சொல்லணும்?"

"பழைய தாழ்ப்பாளோட ஓட்டை ஏற்கெனவே இருக்கே சார்?"

"அது முறையா போட்ட ஓட்டை."

நல்ல மனிதர்தான். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்ததால் காற்றைக் கண்டாலும் பயந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு இளைஞர்கள்கிட்ட கோரிக்கை கேக்கறாங்களாம். போய் எழுதிக் குடு" என்றார்.

நகராட்சி அலுவலகத்தில் கணக்கு அதிகாரி ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி. ரேடியோ நீட்டிய மனுவைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"தாழ்ப்பாளா? இவ்வளவு சின்னதா கேட்டா யார் கண்ணுலயும் படாது. கதவுன்னு எழுது."

இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்று வந்தது. ரேடியோ கதவு என்று எழுதினாள். அவர் படித்தார்.

"கதவும் சின்னதுதான். புதுக் கழிப்பறைன்னே எழுது."

மறுபடி புதுப் படிவம்.

"இப்ப சரியா மேடம்?"

"சரி. நூறு இளைஞர் கையெழுத்தோட வா."

பெண்கள் நாற்பது பேர் உடனே போட்டார்கள். மீதி அறுபதுக்கு எங்கே போவது? ஊரில் பாதி வாலிபர்களைத் தெரிந்தவன் அவள் அண்ணன். எந்நேரமும் கையை மடக்கிப் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

"அண்ணா, உன் கூட்டாளிங்ககிட்ட கையெழுத்து வாங்கிக் குடுண்ணா."

"சும்மாவா? ஒரு ஜிம்மும் சேத்துக்கோ."

"கழிப்பறை மனுவுல ஜிம்மா?"

"ஜிம்முலயும் கழிப்பறை இருக்கும்ல?"

ஜிம் சேர்ந்தது. அவன் கூட்டாளி ஒருவன் நீச்சல் குளம் கேட்டான். யாருக்கும் நீந்தத் தெரியாததால் நீச்சல் மாஸ்டரும் சேர்ந்தார். ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு ஆசையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் மனு பதினோரு பக்கம் ஆனது. கணக்கு அதிகாரி அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"இப்பதான் மனு மாதிரி இருக்கு" என்றவர், தலைப்பில் 'இளைஞர் பல்நோக்கு வளாகம்' என்று எழுதினார்.

பட்ஜெட் கூட்டத்தன்று ரேடியோ நாற்பது பெண்களோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேச மூன்று நிமிடம் உண்டு என்றார்கள். அது வருவதற்குள் உறுப்பினர்கள் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டார்கள்.

"குளம் எங்க வார்டுக்குத்தான்!"

"உங்க வார்டுல மொதல்ல குழாயில தண்ணி வரட்டும்யா!"

"என்னைக் கேக்கிறியா? நீ நீந்தினா குளத்துல தண்ணி மிஞ்சுமா?"

நாற்காலி ஒன்று சாய்ந்தது. தலைவர் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்: "சண்டை வேண்டாம். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டுவோம். ஏழு வருஷத்துல முடிச்சிடலாம். புது வளாகம் வர்றதால, பழைய நூலகத்துல இனிமே ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை."

இருந்த நம்பிக்கையையும் தானே கெடுத்துவிட்டோமே! 'கடவுளே, நீதான் துணை' என்று ரேடியோ எழுந்தாள். மைக் இல்லை. அவளுக்கு எப்போது அது தேவைப்பட்டது?

"ஐயா! குளம் வேணாம்! ஜிம் வேணாம்! ஒரே ஒரு தாழ்ப்பாள் போதும்! அது இல்லாம நாங்க தண்ணிகூட குடிக்காம படிக்கறோம். ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா!"

அவளுக்குப் பின்னால் நாற்பது பெண்களும் எழுந்து நின்றார்கள். சற்றுமுன் நாற்காலியைத் தள்ளிய உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"என் பொண்ணும் அங்கதான் படிக்கறா. வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பா தண்ணி குடிப்பா. ஏன்னு நான் கேட்டதே இல்லை" என்றார். பிறகு, தான் திட்டியவரைப் பார்த்து, "குளத்தை நீங்களே வச்சுக்குங்க அண்ணே. தாழ்ப்பாளை விட்டுக் குடுங்க" என்றார்.

"எனக்கும் குளம் வேணாம் தம்பி" என்றார் அவர்.

ஒரு மனம் இளகினால் பக்கத்து மனம் எத்தனை நேரம்தான் விறைப்பாக இருக்கும்? வளாகம் தள்ளிவைக்கப்பட்டது. 'இதர செலவு' என்ற தலைப்பில் தாழ்ப்பாள் ஒருமனதாக நிறைவேறியது. மறுநாள் காலையே பொருத்த வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார்.

ரேடியோ நேரே கணக்கு அதிகாரியிடம் போனாள்.

"ஏன் மேடம், முதல் நாளே தாழ்ப்பாள்னு எழுத விட்டிருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்குமா? என்னை ஏன் இப்படி அலைக்கழிச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ப்யூன்தான் நிமிர்ந்தார்.

"அவங்களைத் திட்டாதம்மா. உன் வயசுல அவங்க குடுத்த மனுவை, 'வெறும் தாழ்ப்பாளா?'ன்னு சிரிச்சுக் கிழிச்சுப் போட்டாங்க. இந்தத் தாழ்ப்பாளைப் போட வைக்கணும்னுதான் முப்பது வருஷம் முன்னாடி அவங்க இந்த ஆபீஸ்ல வேலைக்கே சேந்தாங்க!"